தோளில் கிடந்த துணிக்கும் ஒரு சட்டம் இருந்தது

ஓணம் நெருங்கினால் நாகர்கோவில் கல்லூரிகளில் பொன்னிழை ஓடும் கசவுக்கரைச் சேலைதான். அதே வாரத்தில் நம் கன்னியாகுமரி மாவட்டத்து இளம் ஓவியர்களின் சமூக வலைத்தளப் பக்கங்களிலும் அதே சேலை வந்துவிடும். ஓட்டு வீடு, துளசி மாடம், குத்துவிளக்கு, ஈரக் கூந்தலோடு முண்டும் நேரியதும் உடுத்த ஒரு பெண், சிலநேரம் அவள் இடுப்பில் ஒரு குடம். தலைப்பு பெரும்பாலும் 'பாரம்பரியம்' என்றே இருக்கும். கைத்திறனில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த நேரியதைத் தோளில் போட யாருக்கு உரிமை இருந்தது, அந்தக் குடத்தை இடுப்பில் ஏந்த யாருக்கு அனுமதி இருந்தது என்று ஒருமுறை கேட்டுவிட்டால், பிறகு அந்தப் படத்தை அப்படியே வரைந்து முடிக்கக் கை வராது.

தன் மரபையும் அடையாளத்தையும் துணி, கோலம், உடை வழியாகத் தேடும் ஓவியர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உடை பெரும்பாலும் நினைவு சார்ந்த விஷயம்: பாட்டியின் பெட்டி, ஊர்த் திருவிழா, திருமண ஆல்பம். குமரி ஓவியருக்கு அது அரசாணையில் எழுதப்பட்ட விஷயமும்கூட. துணி எவ்வளவு முரடாக இருக்க வேண்டும், உடம்பில் எப்படிச் சுற்ற வேண்டும், யாரைப்போலச் சுற்றக் கூடாது என்பதுவரை இங்கே அரசு எழுதி வைத்தது.

1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்து இந்த மாவட்டம் உருவாயிற்று. அதற்கு முன் இது திருவிதாங்கூர். அந்த அரசில் உடை சாதிக்குக் கட்டுப்பட்டது. நாடார் ஆண்கள் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது, பொன் நகை கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் ஏந்தக் கூடாது, தலையில்தான் சுமக்க வேண்டும். அவர்களுக்கும் கீழே தள்ளப்பட்டிருந்த சாதிகளுக்கு இதைவிடக் கடுமை. இடுப்பில் குடம் ஏந்திய பெண் இந்திய ஓவியத்தில் எத்தனை ஆயிரம் முறை வரையப்பட்டிருப்பாள்! அந்த ஒயிலான வளைவே இங்கே ஒரு சாதிச் சலுகை.

மேலாடை உரிமைக்காக நாடார் பெண்கள் நடத்திய தோள்சீலைப் போராட்டத்தின் வரலாறு பலருக்கும் மேலோட்டமாகத் தெரியும். ஓவியருக்கு வேண்டியது அதன் நுணுக்கம். 1813இல் ரெசிடென்ட்டாகவும் (ஆங்கிலேயரின் பிரதிநிதி) திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ, கிறிஸ்தவத்துக்கு மாறிய பெண்கள் மேலாடை அணியலாம் என்று ஓர் ஆணை போட்டார். எதிர்ப்பு வந்ததும் அது பின்வாங்கப்பட்டு, 1814இல் சுரியானிக் கிறிஸ்தவப் பெண்களும் மாப்பிளை முஸ்லிம் பெண்களும் போடுவதுபோன்ற குப்பாயம், அதாவது தொளதொளத்த சட்டை மட்டும் போடலாம் என்று திருத்தப்பட்டது. பெண்கள் அந்தச் சட்டையோடு நிற்கவில்லை. சட்டைக்கு மேலே தோளில் ஒரு சீலையும் போட்டார்கள். 1820களில் சந்தைகளிலும் சாலைகளிலும் அவர்களின் துணி கிழிக்கப்பட்டது. கிறிஸ்தவ ஜெபக்கூடங்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829 பிப்ரவரியில் வந்த அரச விளம்பரம், அதாவது அறிவிப்பாணை, சட்டை போடலாம், உயர்சாதிப் பெண்களைப்போல மேல்சீலை போடக் கூடாது என்றது. 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் மறுபடி கலவரம். சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெலியன் கொடுத்த அழுத்தத்தில், 1859 ஜூலை 26 அன்று உத்திரம் திருநாள் மகாராஜா புதிய விளம்பரம் வெளியிட்டார்.

அந்த விளம்பரத்தை ஓவியர் ஒருவர் வரி வரியாகப் படிக்க வேண்டும். கிறிஸ்தவ நாடார் பெண்களைப்போல எல்லா நாடார் பெண்களும் சட்டை போடலாம். அல்லது முரட்டுத் துணியை, முக்குவ மீனவப் பெண்கள் சுற்றிக்கொள்வதுபோல அக்குளுக்குக் கீழே சுற்றிக்கொள்ளலாம். அல்லது வேறு எந்த வகையிலாவது மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப்போல உடுத்தக் கூடாது. வெற்றி என்று நாம் கொண்டாடுகிற ஆணைக்குள்ளேயே இப்படி ஒரு வேலி. மானத்தை மறைத்துக்கொள், சாதியை மறைத்துக்கொள்ளாதே என்பதுதான் அதன் பொருள். சன்னத் துணியா முரட்டுத் துணியா, தோளுக்கு மேலா அக்குளுக்குக் கீழா என்பதில்தான் சண்டையே இருந்தது. நீர்வண்ணத்தில் ஒரு துணியின் முரட்டுத்தன்மையைக் கொண்டுவர ஓவியர் படும் பாடு இங்கே வெறும் தொழில்நுட்பப் பிரச்சினை இல்லை. அந்த இழையின் தடிமனே வரலாற்றுச் சான்று.

இந்த இடத்தில் சிலர் நங்கேலியை வரையப் போய்விடுகிறார்கள். முலைவரி கேட்டு வந்தவன் முன் மார்பை அறுத்து வைத்தவள் என்ற அந்தக் கதை கேரளத்தின் சேர்த்தலைப் பக்கத்து வாய்மொழி மரபு. அதை வரைவதில் தப்பில்லை. ஆனால் நம் பக்கத்துக்கு ஆணைகள், மனுக்கள், மிஷன் அறிக்கைகள், கலவரக் குறிப்புகள் என்று கைநிறைய ஆவணம் இருக்கிறது. கதையைக் கடன் வாங்கும் நிலையில் நாம் இல்லை. 2016இல் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்புப் பாடத்திலிருந்து சாதியும் உடை மாற்றமும் பற்றிய பகுதியை நீக்கியது. 2019இல் உடையின் சமூக வரலாறு என்ற அத்தியாயமே என்.சி.இ.ஆர்.டி. நூலிலிருந்து போனது. பாடப்புத்தகம் விட்ட இடத்தை ஓவியம் எடுத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

சரி, இங்குள்ள ஓவிய மரபு என்ன சொல்கிறது? குலசேகரம் அருகே திருநந்திக்கரைக் குடைவரையில் மங்கிப்போன பழைய சுவரோவியத் தடங்கள் இருக்கின்றன. கேரள பாணிச் சுவரோவியத்தின் தொடக்கம் என்று கலை வரலாற்றாசிரியர்கள் சுட்டும் இடங்களில் அதுவும் ஒன்று. முழு வளர்ச்சியைப் பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகை மேல்தளத்தில் பார்க்கலாம். அனந்தசயனம் முதலாகச் சுவர் முழுக்கத் தெய்வ உருவங்கள். அரண்மனை நிற்பது தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. இந்த மாவட்டத்தின் அடையாளச் சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

அந்த ஓவியங்களின் செய்முறை நுட்பமானது. சுண்ணாம்பும் மணலும் கலந்த காரையின் மேல், சுண்ணாம்பை நீர்க்கக் கரைத்துப் பல தடவை பூசி வெண்தளம் எடுப்பார்கள். முதல் கோடு மஞ்சள் காவியில். பிறகு மஞ்சள், சிவப்பு, பச்சை என்று நிறம் ஏறும். விளக்குக் கரியில் எடுத்த கறுப்பால் கடைசியில் கோட்டை உறுதி செய்வார்கள். வெள்ளைக்குத் தனி நிறம் கிடையாது, நிறம் படாமல் விட்ட சுவரே வெள்ளை. நிறம் குணத்தையும் சொல்லும்: சாத்விகப் பாத்திரம் பச்சை, ராஜசம் சிவப்பும் மஞ்சளும். உடை என்று பார்த்தால், இடுப்புக்குக் கீழே மடிப்பு மடிப்பாகத் துணி, அதில் பூவும் கொடியும் ஓடும் கரை. இடுப்புக்கு மேலே பெரும்பாலும் துணி இல்லை. ஆரம், தோள்வளை, பூணூல், மாலை என்று நகைதான் உடம்பை மூடுகிறது.

தேவியும் தோழியரும் அங்கே திறந்த மேனியோடுதான் நிற்கிறார்கள். கோயிலிலும் அரசர் முன்னும் உயர்சாதிப் பெண்கள்கூட மேல்துணியை விலக்கி நின்ற நாடு இது. மேலே இருப்பவர் முன் தோளைத் திறப்பது மரியாதை. அந்த ஏணியில் எல்லாருக்கும் கீழே இருந்தவள் யார் முன்னாலும் திறந்தே இருக்க வேண்டும். ஆக, ஒரே திறந்த தோள் சுவரில் தெய்வ அழகு, சந்தையில் அவமானம். சுவரோவிய பாணியில் பயிற்சி பெற்றுவரும் இன்றைய ஓவியர், தோழியரின் திறந்த மேனியை மரபு என்று அப்படியே பிரதியெடுக்கும்போது, இந்த இரண்டாவது பொருள் படத்துக்குள் வந்ததா இல்லையா என்று யோசித்தாக வேண்டும். குருவாயூர் பாணி, ஐந்து நிறம் என்று கணக்குச் சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்து வருபவர் ராஜா ரவி வர்மா. 1848இல் கிளிமானூரில் பிறந்தவர். தோள்சீலை விளம்பரம் வந்தபோது அவருக்கு வயது 11. அவர் பின்னர் ஓவியம் பயிலப் போன திருவனந்தபுரம் அரண்மனையும் அந்த விளம்பரத்தில் கையெழுத்திட்ட அரண்மனையும் ஒன்றே. 1873 வியன்னா கண்காட்சியில் அவருக்குப் பரிசு வாங்கித் தந்தது, கூந்தலில் பூச்சூடும் ஒரு நாயர் பெண்ணின் படம். 1893இல் தன் மகளையே குழந்தையை இடுப்பில் ஏந்தி நிற்பவளாக வரைந்தார்; வெள்ளை முண்டின் மடிப்புகள் அந்தப் படத்தில் ஒவ்வொன்றாக எண்ணும்படி தெரியும். 1889இல் மைசூருக்காக வரைந்த படத்தில் இந்தியாவின் பல பகுதிகளைச் சேர்ந்த 11 பெண்கள் இசைக்கருவிகளோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு உடை. உடையை வைத்தே யார் எந்தப் பகுதி, எந்தச் சமூகம் என்று சொல்லிவிடலாம். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கி, லட்சுமிக்கும் சரஸ்வதிக்கும் சேலை கட்டிவிட்டு, அந்தப் படங்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனார். அவர் மேதை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தன் ஊரில் துணிக்காக அடி வாங்கிய பெண்கள் அவர் சட்டகத்துக்குள் வரவில்லை. தெய்வத்துக்குச் சேலை கிடைத்துவிட்டது. அதற்கு முப்பத்தைந்து வருடம் முன்பு மனுஷிக்கு அதை மறுத்த கதை எண்ணெய் வண்ணத்தில் ஏறவேயில்லை.

அந்த வெள்ளையும் பொன்னும் கலந்த துணியின் சொந்த ஊரையும் கொஞ்சம் பார்க்கலாம். இன்று 'கேரளச் சேலை' என்று நாம் வாங்கி உடுத்துகிற கசவின் பெரிய மையம் பாலராமபுரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே தறி போட அழைத்துப்போய்க் குடியேற்றப்பட்டவர்கள் தமிழ் பேசும் சாலியர்கள், நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போனவர்கள். நம்மூர்க் கை நெய்து, அரண்மனை உடுத்தி, கேரளத்தின் அடையாளமாகி, ஓணத்துக்கு நமக்கே விலைக்கு வருகிறது. மலையாளமா தமிழா என்று சண்டை போடுகிறவர்களுக்கு அந்தத் தறியில் பதில் எதுவும் கிடைக்காது. பாவு ஒரு பக்கமும் ஊடு ஒரு பக்கமுமாக அது இரண்டையும் சேர்த்தே நெய்திருக்கிறது.

இதே காலத்தில் நாகர்கோவிலில் இன்னொரு துணி பிறந்தது. 1819இல் லண்டன் மிஷன் சார்பில் வந்த சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட், பெண்கள் பள்ளியோடு சேர்த்து லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்தார். கையால் பின்னும் லேஸைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அதன் பொறுமை விளங்கும். மடியில் கெட்டியான ஒரு திண்டு. அதன்மேல் கோலத்தைப் புள்ளி புள்ளியாகக் குத்திய தாள். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு குண்டூசி. நூல் சுற்றிய சின்னக் குச்சிகள் ஜோடி ஜோடியாகத் தொங்கும். இடம் மாற்று, முறுக்கு, ஊசி குத்து, மறுபடி இடம் மாற்று. இதுதான் மொத்த வித்தையும். விரல்கள் ஓடும் வேகத்தில் குச்சிகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடவென்று சத்தம் எழும். ஒரு பூ முடிய மணிக்கணக்காகும். துணி மேல் போடும் அலங்காரம் இல்லை அது. நூலுக்கு நடுவே விட்ட ஓட்டைகளால்தான் அங்கே பூ தெரிகிறது.

வாசலில் புள்ளி வைத்து அதைச் சுற்றிக் கம்பி இழுக்கும் பெண்களுக்கு, புள்ளிக் கணக்கில் நகரும் இந்த ஆங்கிலேயப் பின்னல் பிடிபட வெகுநாள் ஆகியிருக்காது என்று நினைக்கிறேன். இது என் ஊகம்தான். ஊகமில்லாத விஷயம் இது: லேஸ் விற்ற காசு பெண்களின் கைக்கு வந்தது. திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல். அதற்கு முன்பே அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் லேஸ் கூலியைச் சேர்த்து விடுதலைப் பணம் கட்டியதை மிஷன் பதிவுகள் சொல்கின்றன. மேலே சீலை போட்டால் கிழிபடுகிற அதே ஊரில், ஐரோப்பியச் சீமாட்டிகளின் கழுத்துக்கும் மணிக்கட்டுக்கும் பூ பின்னிக்கொண்டிருந்தார்கள் அவர்கள். ஓவியர் ஒருவருக்கு இதைவிடச் செறிவான கோலம் வேறு எங்கே கிடைக்கும்? கசவுக்கரையை விட்டுவிட்டு லேஸை நம் மாவட்டத்தின் கோலமாக எடுத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்வேன். காலனியம், மதமாற்றம், கூலி, விடுதலை நான்கும் ஒரே நூலில் இருக்கின்றன. எதையும் பிரித்தெடுத்து நல்லது கெட்டது என்று அடுக்க முடியாது.

ஆண்களின் கதை துண்டில் இருக்கிறது. மேல்சாதிக்காரரைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அக்குளில் இடுக்க வேண்டும் அல்லது இடுப்பில் கட்ட வேண்டும். 1809இல் பிறந்து, அய்யாவழி மரபைத் தொடங்கிய அய்யா வைகுண்டர், சாமித்தோப்புக்கு வருகிறவர்களிடம் அதைத் தலையில் கட்டச் சொன்னார். தலைப்பாகை அரசனுக்கும் மேல்சாதிக்கும் உரியது என்றிருந்த நாளில் பனையேறியின் தலையில் தலைப்பாகை! அய்யாவழி வழிபாட்டிடங்களான பதிகளிலும் தாங்கல்களிலும் சிலைக்குப் பதில் கண்ணாடி இருக்கும். தலைப்பாகையோடு வந்து நிற்பவன் எதிரே காண்பது தன்னைத்தான். நெற்றியில் சுடர் வடிவில் வெள்ளை நாமம், கொடியில் காவிப் பின்னணியில் அதே சுடர். துவையல் தவசு என்று ஒன்று நடந்தது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கடற்கரையில் தங்கி, நாள்தோறும் துணி துவைத்து, குளித்து, ஒருவேளை உண்டு தவமிருந்தன. உடுத்தும் துணியைத் துவைப்பதே தவமாவது வேறெங்கும் நான் கேள்விப்படாதது.

இன்றைக்கும் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குள் போகும் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். சாமித்தோப்பிலும் கழற்றத்தான் வேண்டும். இரண்டு இடத்திலும் வெற்றுடம்புதான். ஆனால் ஓரிடத்தில் துண்டு இடுப்பில் இருக்கிறது, இன்னோரிடத்தில் தலையில். இடையே சில மைல் தூரமே உள்ள இரண்டு வாசல்கள். ஒரு துண்டின் இடத்தை மட்டும் மாற்றி மாற்றி வரைந்தால் இந்த மாவட்டத்தின் இருநூறு வருடத்தை ஒரு வரிசைப் படத்தில் சொல்லிவிடலாம்.

நகையும் பூவும் தனியாக எழுத வேண்டிய அளவுக்கு உண்டு. வடசேரியில் சிவப்புக் கெம்புக்கல் பதித்துச் செய்யும் கோயில் நகை முதலில் தெய்வத்துக்காகச் செய்தது, பிறகு கோயிலில் ஆடியவர்களுக்கு, இப்போது உலகமெங்கும் பரதநாட்டிய மேடைக்கு. புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. தோவாளை மாணிக்கமாலை அரளிப் பூவின் இதழை மடித்து மடித்துக் கட்டி, கல் பதித்த பதக்கம்போலத் தெரியவைக்கும் வேலை. கொல்லம் பெரிநாட்டில் 1915இல் புலையர் பெண்கள் தங்கள்மேல் திணிக்கப்பட்ட கல்மாலைகளை அறுத்தெறிந்ததையும் இவற்றோடு சேர்த்து நினைக்கலாம். எல்லா நகையும் ஆசைப்பட்டு அணிந்ததில்லை.

இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஓவியர் என்ன செய்வார்? இரண்டு பேரின் வழியைச் சொல்லலாம். ஒருவர் ஆற்றிங்கலில் 1935இல் பிறந்து 2024இல் மறைந்த ஏ. ராமச்சந்திரன். சாந்திநிகேதனில் படித்து டெல்லியில் வாழ்ந்தவர்; கேரளச் சுவரோவியங்களைப் பல வருடம் நேரில் பார்த்து ஆராய்ந்தவர். 1986இல் முடித்த 60 அடி நீள யயாதி ஓவியத்தில் அந்தச் சுவர்களின் கோடும் நிறமும் இருக்கின்றன, ஆனால் உடுத்தியிருப்பவர்கள் ராஜஸ்தான் பெண்கள். பாவாடையின் கோலமும் ஒட்டுத்துணியின் கண்ணாடிச் சில்லும் அங்கே தெய்வ ஆரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. பின்னாளில் உதய்ப்பூர்ப் பக்கத்துப் பில் பழங்குடியினரை வரைந்தபோது, தன்னையும் ஆமையாக, பூச்சியாக, வௌவாலாக ஓரத்தில் வரைந்து வைத்தார். மாளிகைச் சுவரின் இலக்கணத்தைக் கூலிப் பெண்ணுக்குக் கொடுத்தது பெரிய காரியம். குமரியில் அதைச் செய்ய ஆள் வேண்டும்: உப்பரிகை மாளிகைக் கோட்டில் முந்திரி ஆலைப் பெண், மஞ்சள் காவியில் முட்டம் கடற்கரை மீன்காரி.

இன்னொருவர் யின்கா ஷோனிபாரே. 1962இல் லண்டனில் பிறந்து லாகோஸில் வளர்ந்த நைஜீரியக் குடும்பத்துப் பிள்ளை. 'ஆப்பிரிக்கத் துணி' என்று எல்லாரும் நம்பும் பளபள அச்சுத்துணியை லண்டன் பிரிக்ஸ்டன் சந்தையில் வாங்கினார். அந்தத் துணியின் மூலம் இந்தோனேசிய பாட்டிக்; அதை இயந்திரத்தில் நகலெடுத்தவர்கள் டச்சுக்காரர்கள்; ஜாவாவில் விலைபோகாமல் மேற்கு ஆப்பிரிக்காவில் விற்றது. அதில் விக்டோரியா காலத்துக் கவுன் தைத்துத் தலையில்லாப் பொம்மைகளுக்கு மாட்டினார். பாலராமபுரம் கசவையும் நாகர்கோவில் லேஸையும் தெரிந்த நமக்கு இந்தத் தந்திரம் ஒரு நொடியில் புரியும்.

ஆனால் தலையில்லாப் பொம்மை இங்கே அப்படியே பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. உடம்பைக் காட்டாமல் துணியை மட்டும் வரைவதில் ஒரு நியாயம் இருக்கிறது. காலனிக் காலத்துக் கேமராக்கள் திறந்த மார்போடு நிற்கவைத்து எடுத்த படங்கள் போதும் போதும் என்கிற அளவுக்கு இருக்கின்றன. அவமானத்தை எதிர்த்து வரைகிறேன் என்று அதே உடம்பை மறுபடி கடைவிரிப்பது பெரும்பாலும் அதே பார்வையில்தான் போய் முடிகிறது. கொடியில் தொங்கும் ஒரு குப்பாயம், கிழிந்த தோள்சீலை, அக்குளில் இடுக்கிய துண்டு இவற்றை மட்டும் வரைந்தால் அந்தச் சிக்கல் வராது.

மறுபக்கம், ரவி வர்மாவின் மகளுக்கு முகமும் பெயரும் உண்டு. சந்தையில் துணி கிழிக்கப்பட்டவர்களுக்கு ஒரு உருவப்படம்கூட இல்லை. துணியை மட்டும் வரைந்தால் அவர்கள் இரண்டாம் முறையும் முகமில்லாமல் போவார்கள். அதனால் ஓவியர் முகத்தை இன்றைய பெண்களிடமிருந்துதான் எடுக்க வேண்டும்: மார்த்தாண்டம் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கிறவர், குளச்சலில் கூடையோடு பஸ் ஏறுகிறவர், வக்கீல் கோட்டோடு நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போகிறவர். அவர்களை உட்காரவைத்து, 1859 விளம்பரம் அனுமதித்த முறைகளிலும் விலக்கிய முறையிலும் துணியை உடுத்தச் சொல்லி, எதை உடுத்தமாட்டேன் என்கிறார்களோ அதையும் குறித்துக்கொண்டு வரைவது ஒரு வழி. உட்காருகிறவருக்கு மணிக்கணக்குப்படி கூலி கொடுத்தே ஆக வேண்டும்.